பின் அச்சின் பல் கணக்கு

1969ஆம் ஆண்டு ஃபோர்டு விற்பனைக் கூடம் ஒன்றில் 428 கோப்ரா ஜெட் எஞ்சின் பொருத்திய மஸ்டாங் காருக்கு ஆர்டர் கொடுத்த அமெரிக்கர், படிவத்தில் பின் அச்சுக்கு என்று ஓர் எண்ணையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அங்கே 3.91 என்றோ 4.30 என்றோ குறித்தவருக்கு வந்து சேர்ந்த எஞ்சினே வேறு. அதன் உள்ளே உறுதி கூடிய கனெக்டிங் ராடுகள் இருந்தன. ஆயிலின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு ஆயில் கூலர் வந்தது. எஞ்சினின் பெயரும் சூப்பர் கோப்ரா ஜெட் என்று மாறியது. கார் பிரியர்கள் இந்தத் தொகுப்பை டிராக் பேக் என்கிறார்கள்.

பின்சக்கரங்களுக்கு நடுவே உள்ள பற்களை மாற்றச் சொன்னால், முன்னால் இருக்கும் எஞ்சினுக்கு எதற்கு ஆயில் கூலர்? காரணத்தை ஒரு பெருக்கலில் காணலாம். நடுத்தர அளவுள்ள கார் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 833 முறை சுழன்றாக வேண்டும். பின் அச்சின் விகிதம் 4.30 என்றால், நேரடி நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,580 முறை சுழலும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக அந்தச் சுழற்சியிலேயே ஓடினால் அந்தப் பெரிய எஞ்சினின் ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறும் என்பதை ஃபோர்டு பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள். பின் அச்சில் எழுதும் எண், காரின் ஒவ்வொரு வேகத்திலும் எஞ்சின் எப்படி உழைக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

எண் பிறக்கும் இடம் எளிமையானது. கியர்பாக்ஸிலிருந்து புறப்படும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முனையில் சிறிய பினியன் இருக்கிறது. அது கிரௌன் சக்கரம் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரௌன் சக்கரத்தின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும். 1986 முதல் மஸ்டாங் வி8 கார்களில் வந்த ஃபோர்டின் 8.8 அங்குல அச்சில் இதை அழகாகப் பார்க்கலாம். அதன் பல விகிதங்களில் கிரௌன் சக்கரத்துக்கு 41 பற்கள். பினியனில் 15 பற்கள் இருந்தால் 2.73, 11 இருந்தால் 3.73, 10 மட்டும் இருந்தால் 4.10.

41 ஒரு பகா எண் என்பதைக் கவனிக்க வேண்டும். பினியனின் ஒரு பல், கிரௌன் சக்கரத்தின் அதே சில பற்களையே திரும்பத் திரும்பச் சந்தித்தால், ஒன்றில் உள்ள சிறு குறை அந்தச் சிலவற்றை மட்டும் தின்னும். பொது வகுஎண் இல்லாத இரு எண்களை அமைத்தால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்தின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்தித்துவிடுகிறது. தேய்மானமும் சமமாகப் பரவுகிறது. 4.00 போன்ற முழு விகிதங்கள் அரிதாக இருப்பதற்கும், இந்த எண்களெல்லாம் கேட்பதற்குக் கோணலாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். எண் பெரிதாகும்போது பினியன் சிறுக்கிறது, ஒரு பல் தாங்கும் சுமை கூடுகிறது. 4.10 கேட்பவர் அந்த இழப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

இப்போது எல்லாரும் நம்ப விரும்பும் ஒன்றைப் பார்க்கலாம். 2.73ஐக் கழற்றி 3.73ஐப் போட்டால் சக்கரத்தில் முறுக்குவிசை 37 விழுக்காடு கூடும். கணக்கு சரிதான். ஆனால் கார் 37 விழுக்காடு வேகமாக முடுக்கம் பெறாது. எஞ்சினின் குதிரைத்திறனைப் பல்சக்கரம் கூட்ட முடியாது; எந்த வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அது நகர்த்தும்.

1987 முதல் 1992 வரை வந்த 5.0 லிட்டர் மஸ்டாங்கை எடுத்துக்கொண்டால் இது கண்ணெதிரே தெரியும். 4,200 சுற்றில் 225 குதிரைத்திறன். முறுக்குவிசை 407 நியூட்டன் மீட்டர், அதன் உச்சம் 3,200 சுற்றை ஒட்டி. 5,000க்கு மேல் எஞ்சினின் வலு வேகமாகச் சரியும். கையால் மாற்றும் கியர்பாக்ஸ் போர்க்-வார்னர் டி-5. அதன் விகிதங்கள் முதல் கியரிலிருந்து வரிசையாக 3.35, 1.93, 1.29, 1.00, 0.68. பிந்தைய ஆண்டுகளில் நடுவில் இரண்டு சற்றே மாறின; இந்தக் கணக்குக்கு முந்தையவை போதும். தொழிற்சாலை போட்ட பின் அச்சு 2.73, கேட்டால் 3.08 கிடைக்கும்.

கார் மணிக்கு 70 கிலோமீட்டரில் இரண்டாம் கியரில் போகிறது என்று கொள்வோம். 2.73 அச்சோடு எஞ்சின் 3,070 சுற்றில் இருக்கும். அங்கே அதனால் தர முடிவது சுமார் 175 குதிரைத்திறன். 3.73 அச்சோடு அதே கியரில், அதே வேகத்தில் எஞ்சின் 4,200 சுற்றில், தன் உச்சத்தில் நிற்கும்: 225. ஐம்பது குதிரைத்திறன் வித்தியாசம். ஓட்டுபவரின் முதுகு அதைச் சீட்டில் உடனே உணரும்.

அதே கார் 100ஐத் தொடட்டும். 2.73 அச்சோடு இரண்டாம் கியரில் எஞ்சின் 4,390 சுற்றில், ஏறத்தாழ உச்சத்தில் இருக்கிறது. 3.73 அச்சுள்ள காரில் இதற்குள் மூன்றாம் கியர் விழுந்திருக்கும். எஞ்சின் 4,010 சுற்றில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வலுவைத் தருகின்றன. 70இல் இருந்த ஆதாயம் 100இல் மறைந்துவிட்டது. பின் அச்சு மாற்றத்தால் வரும் பலன் வேகமானியின் எல்லா இடத்திலும் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. சில வேகங்களில் திரண்டு நிற்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. இதைச் சொல்லாமல் பற்களை விற்பவர் பாதி உண்மையைத்தான் விற்கிறார்.

இன்னும் வியப்பான ஒன்று டி-5 கியர்பாக்ஸின் எண்களுக்குள் ஒளிந்திருக்கிறது. 2.73 அச்சோடு மூன்றாம் கியரின் மொத்த விகிதம் 1.29ஐ 2.73ஆல் பெருக்கினால் 3.52. அச்சை 3.55ஆக மாற்றினால் நேரடி நான்காம் கியரின் மொத்த விகிதம் 3.55. இரண்டும் ஒன்றே என்று சொல்லலாம்! பல நூறு டாலர் செலவழித்து அச்சை மாற்றியவர் நான்காம் கியரில் பெறும் இழுவையை, மாற்றாதவர் கியர் நெம்புகோலை மூன்றில் வைத்துப் பெற்றுவிடுகிறார். ஏணியை ஒரு படி கீழே இறக்கிச் சாய்த்ததுபோல, படிகள் நிற்கும் உயரம்தான் மாறியிருக்கிறது. படிகளுக்கு இடையே உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது.

கால் மைல் பந்தயத்துக்கு இந்தக் கணக்கு நேராக உதவும். பழைய டிராக் பந்தயக்காரர்களின் வழக்கம் இது: 402 மீட்டர் கோட்டைக் கடக்கும் கணத்தில், கடைசியாகப் பயன்படுத்தும் கியரில், எஞ்சின் தன் குதிரைத்திறன் உச்சத்தைச் சற்றே தாண்டியிருக்க வேண்டும். மாற்றம் எதுவும் செய்யாத 5.0 மஸ்டாங் கோட்டைக் கடக்கும் வேகத்தை மணிக்கு 155 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது சக்கரம் நிமிடத்துக்கு 1,292 சுற்று. நான்காம் கியரில் 3.55 அச்சு எஞ்சினை 4,590இல் நிறுத்தும், பொருத்தம் சரி. 4.10 போட்டால் 5,300. எஞ்சின் மூச்சு வாங்கும் இடம். தொழிற்சாலையின் 2.73 அச்சு, மூன்றாம் கியரில், 4,550. ஃபோர்டு தேர்ந்தெடுத்த எண் கேலிக்குரியது என்று பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிறது. ஆனால் கோட்டைக் கடக்கும் நேரத்தில் அது எஞ்சினைச் சரியான இடத்தில்தான் வைக்கிறது. அதுவும் ஒரு கியர் மாற்றம் குறைவாக.

கியர் மாற்றத்தின் விலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கார் இதழ்கள் அளக்கும் பழைய அளவுகோல் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர். 2.73 அச்சோடு இரண்டாம் கியர் 5,000 சுற்றில் 114 வரை போகும். ஒரே ஒரு மாற்றத்தில் அளவை முடிந்துவிடும். 3.55 அச்சில் அதே 5,000 சுற்றில் இரண்டாம் கியர் 88இல் நின்றுவிடும். இன்னொரு முறை கிளட்ச்சை மிதித்தாக வேண்டும். அந்த அரை நொடிக்குள் அச்சு ஈட்டித் தந்த ஆதாயத்தின் ஒரு பகுதி கரைந்துபோகிறது.

இனி டயரின் முறை. 1,450 கிலோ எடையுள்ள கார் பாய்ந்து கிளம்பும்போது பின்சக்கரங்களின் மீது அமரும் சுமை ஏறத்தாழ 800 கிலோ என்று கொள்ளலாம். சாலை டயர் நல்ல தார்ச்சாலையில் பிடிக்கக்கூடிய இழுவையும் அதை ஒட்டியே இருக்கும். முறுக்குவிசை உச்சத்தில், வழியிலுள்ள உராய்வு இழப்பைக் கழித்த பிறகும், 2.73 அச்சு முதல் கியரில் தரையைத் தள்ளும் விசை 1,000 கிலோவுக்குச் சற்று மேல். 3.73 அச்சோடு அது 1,400 கிலோவை ஒட்டி வந்துவிடும். முன்னதையே டயர் தாங்காது. பின்னதில் கூடுதலாக வருவது முழுக்கப் புகைதான். ஆனால் இரண்டாம் கியரில் கதை வேறு. 2.73இல் 580 கிலோவாக இருந்த இழுவை 3.73இல் 800 கிலோவை எட்டுகிறது. டயர் தாங்கும் எல்லைக்குள், அதன் விளிம்புவரை. அச்சு மாற்றிய கார் உயிர் பெற்றதுபோல் இருப்பதாக ஓட்டுபவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் கியரைத்தான். முதல் கியரில் கிடைக்கும் ஆதாயத்தை இன்னொன்றும் குறைக்கிறது: ஃபிளைவீலையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் சுழற்றி முடுக்கவே வலு செலவாகிறது, அந்தச் சுமை மொத்த விகிதத்தின் இருமடி அளவில் பெருகுகிறது.

ஆக, எண்ணைத் தனியாகப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. 1969இன் 4.30 அச்சுக்கு ஃபோர்டு பொருத்திய நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் 2.32. பெருக்கினால் 9.98. சுமார் இருபது ஆண்டு கழித்து வந்த 5.0 மஸ்டாங்கில் 3.08 அச்சும் டி-5இன் 3.35 முதல் கியரும் சேர்ந்தால் 10.32. காகிதத்தில் அசுரன்போல் தெரியும் 4.30ஐவிட, சாதுவாகத் தெரியும் 3.08 நின்ற இடத்திலிருந்து அதிகம் பெருக்குகிறது. நெடுஞ்சாலையிலோ பழைய காரின் எஞ்சின் 100 கிலோமீட்டர் வேகத்தில் 3,580 சுற்றில் அலறும். புதியது ஓவர்டிரைவ் ஐந்தாம் கியரில் 1,750இல் முணுமுணுக்கும். சாலைக் காருக்கு முதல் கியரும் அச்சும் சேர்ந்த பெருக்கல் 10க்கும் 12க்கும் இடையே இருந்தால் நல்லது என்று பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு இன்றும் பழுதில்லாமல் வேலை செய்கிறது.

அந்த இருபது ஆண்டுகளுக்கு நடுவே நடந்தது ஒரு பெரிய வரலாறு. 1973இல் எண்ணெய் நெருக்கடி. அடுத்த ஆண்டே அமெரிக்கா முழுக்க மணிக்கு 55 மைல் வேக வரம்பு. 1975இல் நிறைவேறிய சட்டம் ஒவ்வொரு கார் நிறுவனத்துக்கும் சராசரி எரிபொருள் இலக்கு வைத்தது. 1978 மாடல்களுக்கு காலனுக்கு 18 மைல், 1985க்கு 27.5. எஞ்சினைத் திருத்த ஆண்டுகள் பிடிக்கும். பின் அச்சில் சிறிய எண்ணைப் போட ஒரு பருவம் போதும். மெதுவாகச் சுழலும் எஞ்சின் குறைந்த உராய்வில் அதே வேலையைச் செய்துவிடும். அதனால்தான் 1970களின் கடைசியில் வி8 கார்களில் இரண்டரையை ஒட்டிய விகிதங்கள் வந்தன. அவை கிளம்பும் விதத்தைப் பார்த்து அந்தத் தலைமுறை ஓட்டுநர்கள் சோர்ந்துபோனார்கள். டி-5 பெட்டி 1983இல் மஸ்டாங் ஜிடியில் ஏறியபோது அந்தக் கட்டாயம் தளர்ந்தது. முதல் கியரை ஆழமாகவும் கடைசி கியரை ஓவர்டிரைவாகவும் வைக்க முடிந்ததால், அச்சுக்கு மறுபடி சுதந்திரம் கிடைத்தது.

ஆட்டோமேட்டிக் கார்களின் தேவை தனி. அதே மஸ்டாங்கின் ஏ.ஓ.டி. பெட்டியில் முதல் கியர் 2.40 மட்டுமே. 2.73 அச்சோடு பெருக்கினால் 6.55, கிளம்பும்போது முறுக்குவிசையைப் பெருக்கித் தர டார்க் கன்வெர்ட்டர் இருந்தும் கார் சோம்பலாகவே நகரும். ஃபோர்டே இதற்கு 3.27 அச்சைக் கூடுதல் தேர்வாகத் தந்தது. கையால் மாற்றும் காரில் 3.55 போதும் என்கிற இடத்தில், ஆட்டோமேட்டிக் காருக்கு 3.73ஐத் தயங்காமல் சொல்லலாம்.

டயரும் ஒரு பல்சக்கரம்தான். 651 மில்லிமீட்டர் விட்டமுள்ள 225/60 ஆர்15 டயரைக் கழற்றி 711 மில்லிமீட்டர் டயரைப் போட்டவரின் 3.73 அச்சு, 3.42 போல நடந்துகொள்ளும். சக்கரம் பெரிதாக வேண்டும் என்ற ஆசையும், பாய்ச்சல் வேண்டும் என்ற ஆசையும் ஒன்றையொன்று தின்பது இங்கேதான்.

எல்லாவற்றையும்விட எஞ்சினின் கேம் ஷாஃப்ட்தான் கடைசிச் சொல்லைச் சொல்ல வேண்டும். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் பந்தயக் கேம், மேல் சுற்றுகளில் வலுவைக் கொட்டும். கீழே 1,500 சுற்றில் திக்கித் திணறும். அப்படி ஒரு கேமோடு 2.73 அச்சை வைத்திருப்பவரின் கார் ஐந்தாம் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 1,550 சுற்றில் குலுங்கிக்கொண்டே போகும். 3.73 அதை 2,110க்குத் தூக்கிவிடும், குலுக்கல் நிற்கும். குதிரைத்திறன் உச்சம் 5,200 சுற்றுக்கு நகர்ந்து, கால் மைல் கோட்டை 165 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் மஸ்டாங்கில் 3.73 அச்சு நான்காம் கியரில் எஞ்சினை 5,130இல், உச்சத்தை ஒட்டியே நிறுத்தும். இதைவிடப் பொருத்தமான தேர்வு கிடைப்பது கடினம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும், தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு 3.55. அந்தக் காருக்கு 4.10 தேவையே இல்லை. முதல் கியர் 44 கிலோமீட்டர் வேகத்திலேயே 5,000 சுற்றைத் தொட்டுவிடும். சிக்னலைத் தாண்டுமுன் கை நெம்புகோலைத் தேடும்.

ஆறு கியர் பெட்டி வந்த பிறகு இந்தத் தீர்ப்பும் இளகிவிட்டது. டிரெமெக் டி-56 பெட்டியின் சில வடிவங்களில் ஆறாம் கியர் 0.50. அதோடு 4.10 அச்சைச் சேர்த்தால் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 1,710 சுற்றில் ஓடும். டி-5 பெட்டியும் 3.08 அச்சும் தந்த அமைதி திரும்பக் கிடைக்கிறது. 2018 மஸ்டாங் ஜிடியின் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 4.69, பத்தாவது 0.64. 3.15 அச்சோடே முதல் கியரின் பெருக்கல் 14.8 வருகிறது. எந்த வேகத்திலும் எஞ்சினை உச்சத்துக்கு அருகே வைக்க ஒரு கியர் காத்திருக்கும்போது, 70 கிலோமீட்டரில் இருந்த அந்த ஐம்பது குதிரைத்திறன் பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அப்படிப்பட்ட காரில் அச்சை மாற்றுவதற்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல டயருக்குக் கொடுப்பதே மேல்.

எண்ணைத் தீர்மானித்த பிறகு மிஞ்சுவது பட்டறை வேலை. அது பொறுமையைக் கேட்கும். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலிருந்த கிளீசன் நிறுவனம் 1920களில் உருவாக்கி, பாக்கார்ட் கார்களில் முதலில் ஏறிய ஹைப்பாய்டு பல்லமைப்புதான் இன்றுவரை இங்கே ஆள்கிறது. பினியன், கிரௌன் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே அமர்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து, காரின் தரையும் தாழ்கிறது. விலையாக, பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுழல்கின்றன. அதனால்தான் சாதாரண ஆயில் இங்கே ஆகாது. கடும் அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானம் கலந்த கியர் ஆயில் வேண்டும். 1957இல் வந்த ஃபோர்டின் 9 அங்குல அச்சில் இந்தத் தாழ்வு மிக அதிகம். அதன் பல்சக்கரத் தொகுதி முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம் என்பதால், பந்தயக்காரர்கள் வெவ்வேறு விகிதத்தில் இரண்டு மூன்று தொகுதிகளைத் தயாராக வைத்திருப்பார்கள். 8.8 அச்சில் அந்த வசதி கிடையாது. காருக்கு அடியிலேயே படுத்து வேலை பார்க்க வேண்டும்.

பினியன் எவ்வளவு உள்ளே அமர வேண்டும் என்பதை மெல்லிய ஷிம் தகடுகளால் சரிசெய்கிறார்கள். பற்களில் மஞ்சள் நிறப் பசையைத் தடவிச் சுற்றிப் பார்த்தால், பல் எங்கே உரசுகிறது என்பது தடமாக விழும். தடம் பல்லின் நடுவே விழும்வரை கழற்றிப் பூட்டுவது தொடரும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே விட வேண்டிய தளர்வு 0.2 மில்லிமீட்டரிலிருந்து 0.38 மில்லிமீட்டர் வரை. தடம் தவறினால் நெடுஞ்சாலையில் கார் ஊளையிடும்; அந்த ஊளையை வேறு எதனாலும் அடக்க முடியாது.

வேகமானி கியர்பாக்ஸின் வாலிலிருந்து இயங்கும் பழைய கார்களில், 2.73ஐ 3.73ஆக்கிவிட்டு அதன் சின்னப் பல்சக்கரத்தை மாற்றாமல் விட்டால், 100இல் போகும்போது முள் 137ஐக் காட்டும். ஓடிய தூரமும் அதே அளவுக்குக் கூடுதலாகப் பதிவாகும். புதிய பற்களை முதல் நாளே முழு வலுவில் அடிக்கக் கூடாது. 25, 30 கிலோமீட்டர் மிதமாக ஓட்டி, அச்சை முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். முதல் 800 கிலோமீட்டரில் ஆயிலை வடித்தால் நுண்ணிய உலோகத் துகள்கள் மினுமினுக்கும். அதைக் கொட்டிப் புதியதை ஊற்றிவிட வேண்டும். கழற்றிய பழைய 2.73ஐத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள், கிரௌன் சக்கரத்தையும் பினியனையும் ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி அது; வேறு பினியனோடு அந்தச் சக்கரம் ஒத்துப்போகாது.